எறிவதா? இணைப்பதா?

கல்வி நிறுவனம் ஒன்றின் செல்வம் யாது எனக் கேட்டால், கட்டடம் என்பார் சிலர். நூலகம் என்பார் சிலர். நல்லாசிரியரும் நன்மாணாக்கருமே என்பார் வேறு சிலர். மூன்றும் உண்மையே. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. பிறர் மனமுவந்து அளித்த பொருளைப் பேணிக் காத்து, அது உழைக்கும் காலம் முழுவதும் பயன்கொள்ளும் பண்பே அது. சமுதாயப் பெரியோர்களின் கொடையால் எழுந்து, கொடையால் வளர்ந்த கல்லூரிகளுக்கு இப்பண்பு உயிர்நாடி போன்றதாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. மேசைக் கணினியின் உள்ளே பொருத்தத்தக்க, உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை. வைஃபை, புளூடூத் என்னும் இருவகைக் கம்பியில்லாத் தொடர்புகளையும் அது ஒருங்கே தருகிறது. 'தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம்?' என்று வினவுவோர் இருக்கலாம். பழைய கணினிகளை ஒதுக்கித் தள்ளுவதற்கு முன்னர் இச்சிறிய அட்டையைப் பொருத்திப் பார்ப்பது நம் கடமை என்பதும், அக்கடமையைத் தமிழ் மாணவரும் தம் கையாலேயே செய்யப் பழக வேண்டும் என்பதுமே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

மூலையில் உறங்கும் கணினிகள்

கல்லூரிகள் பலவற்றிலும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. துறை அறையின் மூலையில், துணி போர்த்திய நிலையில் ஒரு கணினி இருக்கும். பழுதுபட்டதோ என்று பார்த்தால் இல்லை. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது. இணையம் ஒன்றுதான் இல்லை. அலுவலகப் பயன்பாட்டிற்கென விற்கப்பட்ட மேசைக் கணினிகள் பலவும் கம்பிவழி இணைப்புக்கான துளையை மட்டுமே கொண்டு வந்தவை. கணினி ஆய்வகத்தில் அதற்குரிய கம்பி உண்டு. துறை அறையிலும் விடுதியின் படிப்பறையிலும் அது இல்லை. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வேண்டுமே என்று காரியம் தள்ளிப் போகிறது. இணையமில்லாக் கணினி நாளடைவில் பயனில்லாக் கணினி எனப் பெயர் பெற்று, இறுதியில் காயலான் கடைக்குச் சென்று சேர்கிறது.

காயலான் கடை என்னும் சொல்லைக் காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புபடுத்திக் கூறுவது வழக்கம். பிறர் பயனற்றதெனத் தள்ளிய பொருளில் எஞ்சியிருக்கும் மதிப்பைக் கண்டறிந்து, அதனை மீண்டும் உலக வழக்கிற்குக் கொண்டுவந்த தொழில் அது. அத்தகைய கூர்ந்த பார்வை உடையோர் வழிவந்த சமுதாயத்தின் கல்விக்கூடங்கள், நன்றாக இயங்கும் கணினியை எடைக்குப் போடுவது பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. துணி போர்த்திய அக்கணினிக்குச் சில அடி தொலைவில் நின்றுகொண்டு, முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டைக் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருப்பார். எல்லா மாணவர் இல்லத்திலும் கணினி இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவருக்கும் மாணவிக்கும் கைப்பேசி ஒன்றே புத்தகமாகவும் எழுதுபலகையாகவும் அமைந்துவிடுகிறது. படிப்பதற்குக் கைப்பேசி உதவலாம். நெடிய எழுத்துப் பணிக்கு அது ஏற்றதன்று. சீறாப்புராணத்தின் இரு பதிப்புகளை ஒப்புநோக்கும் மாணவர், இரண்டையும் அருகருகே விரித்துப் பார்த்தாக வேண்டும். ஐந்தங்குலத் திரையில் அஃது எங்ஙனம் இயலும்? 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றிக் காத்திருக்கின்றன. 1999-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்பளித்த தமிழ்99 விசைப்பலகை முறை, இரு கைவிரல்களும் சீராக இயங்கித் தமிழை விரைந்து எழுதுவதற்கென்றே அமைந்தது. இவையனைத்தும் இருந்தும், இவற்றை ஒன்றுசேர்க்கும் ஒரு சிறு இணைப்பு இல்லாமையால் மாணவர் கட்டைவிரலோடு நின்றுவிடுகிறார். இழப்பு கணினிக்கன்று, மாணவருக்கே.

அட்டையின் இயல்பு

வைஃபை என்பது வானொலி அலைகளின் வழியே செய்தியைக் கொண்டுசெல்லும் முறை. இதற்கான முதல் தொழில்நுட்பத் தரம் 1997-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அன்று அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. இன்றைய அட்டைகள் அதனினும் பல நூறு மடங்கு விரைந்தவை. நம் நாட்டில், 2005-ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கையால், வரையறுத்த ஆற்றலுக்குட்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகளைத் தனி உரிமமின்றிப் பயன்படுத்த வழி பிறந்தது. வீட்டிலும் கல்லூரியிலும் நாம் இன்று தங்குதடையின்றி வைஃபையைப் பயன்படுத்துவதற்கு இத்தகைய உரிம விலக்கே அடிப்படை.

கம்பியின்றிச் செய்தி செல்லும் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தோருள் இந்தியர் ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா நகர மன்றத்தில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகா அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். இன்று நாம் ஒரு சிறு அட்டையில் வாங்கும் வசதியின் வேர்களுள் ஒன்று நம் மண்ணிலேயே உள்ளது.

புளூடூத் அண்மைத் தொலைவுக்கு உரியது. கம்பியில்லா விசைப்பலகை, சுட்டெலி, காதணிபேசி, பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்டி முதலியவற்றை ஏறத்தாழப் பத்து மீட்டர் எல்லைக்குள் அது கணினியோடு பிணைக்கிறது. வழக்கமான புளூடூத் முறையில், அலை 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செல்கிறது. அதனால் பிற அலைகளின் குறுக்கீட்டைப் பெரிதும் தவிர்க்கிறது. இதன் பெயரோ 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னரின் பட்டப் பெயர். பிரிந்து கிடந்தவற்றை ஒன்றிணைத்தவர் என்பதால் அவர் பெயரைச் சூட்டினர். அதன் சின்னமும் அம்மன்னர் பெயரின் முதலெழுத்துகளான இரு பழைய ரூனிக் எழுத்துகளின் கூட்டு. யெல்லிங் என்னும் ஊரில் அவர் நாட்டிய கல்வெட்டு இன்றும் நிற்கிறது. கல்வெட்டியல் பயிலும் தமிழ் மாணவருக்கு, நாள்தோறும் தாம் காணும் சின்னம் ஒரு தொல்லெழுத்து என்பது வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே அளிக்கும்.

பொருத்தும் முறை

அட்டையைப் பொருத்துவது மருத்துவரின் அறுவைச் சிகிச்சை போல் அரிய செயலன்று. முதலில் கணினியை முறைப்படி அணைத்து, மின்கம்பியை அறவே கழற்றிவிட வேண்டும். பின்னர் ஆற்றல் பொத்தானை ஒருமுறை அழுத்தி, உள்ளே எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய பகுதிகளைக் கெடுக்கும் ஆதலால், கணினிப் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். பெட்டியின் பக்கப் பலகையைத் திறந்தால், கடைக்காரர் மதர்போர்டு என்று சொல்லும் தாய்ப்பலகை தெரியும். அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையைச் சார்ந்த சிறிய செருகுவாய் இருக்கும். பின்புறத் தகட்டை நீக்கி, அட்டையை நேராக வைத்து, இருபுறமும் சமமாக அழுத்திச் செருகித் திருகாணியால் இறுக்க வேண்டும். சிறிய செருகுவாய் ஒழிந்திராவிடில், அதே வகையைச் சார்ந்த பெரிய செருகுவாயிலும் இதனைப் பொருத்தலாம். ஆனால் மிகப் பழைய கணினிகளில் உள்ள வெறும் பிசிஐ செருகுவாயில் இது பொருந்தாது. ஆகவே வாங்குவதற்கு முன் திறந்து பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

இங்கே பலர் இடறுகின்றனர். அட்டையைச் செருகியதும் வைஃபை கிடைத்துவிடும். புளூடூத் மட்டும் தலைகாட்டாது. 'அட்டை பழுது' என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். உண்மையில் அட்டை ஒன்றாயினும் பாதைகள் இரண்டு. வைஃபை செருகுவாயின் வழியே செல்கிறது. புளூடூத்தோ யுஎஸ்பி வழியே செல்கிறது. அட்டையோடு தரப்படும் மெல்லிய கம்பியைத் தாய்ப்பலகையில் உள்ள ஒன்பது ஊசிகள் கொண்ட யுஎஸ்பி 2.0 இணைப்பிடத்தில் பொருத்தினால்தான் புளூடூத் உயிர்பெறும். அடுத்து, ஆன்டெனா எனப்படும் அலைவாங்கிகளை மறவாது திருகிப் பொருத்த வேண்டும். கணினிப் பெட்டி இரும்பாலானது. அது அலைகளைத் தடுக்கும். ஆதலால் அலைவாங்கி பெட்டியின் பின்னே சுவரோடு முடங்கிக் கிடக்காமல், கூடுமானவரை மேலே, வெளியே தெரியுமாறு இருத்தல் நன்று.

வாங்கும்போது பெயரையும் கூர்ந்து நோக்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்210 என்னும் பகுதி, அட்டை வடிவில் பலவகைக் கணினிகளிலும் இயங்கும். ஏஎக்ஸ்211 என்பதோ அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட அமைப்புகளுக்கு மட்டுமே உரியது. இறுதி இலக்கம் ஒன்றே வேறுபாடு. விளைவோ முற்றிலும் வேறு. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக, அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் தேவை. அதனைப் பெற இணையம் வேண்டும்; இணையம் பெற அது வேண்டும்! இம்முடிச்சை அவிழ்க்கவும் வழியுண்டு. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைச் சிறிது நேரம் கடன்கொள்ளலாம். அல்லது வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாம்.

எங்கே வேண்டா?

எதையும் அளவோடு போற்றுவதே அறிவுடையோர் இயல்பு. கம்பிவழி இணைப்பு எளிதாகக் கிடைக்கும் இடத்தில் அதுவே சிறந்தது. அது நிலையானது, தடுமாற்றம் அற்றது. ஆய்வகத்தில் அறுபது கணினிகளுக்கும் அட்டை பொருத்துவது வீண் செலவு. பழைய கட்டடங்களின் தடித்த சுவர்கள் அலைகளை வலுவிழக்கச் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைந்ததாயினும் சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையினும் மெலிந்தது. இத்தகைய இடங்களில் வைஃபை வழங்கும் ரவுட்டரை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஒரே ஒரு விசைப்பலகையை இணைப்பதே நோக்கமாயின், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவியே போதும். பெட்டியைத் திறக்கவும் வேண்டா.

இயங்குதளத்தையும் கருத வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணினியை இணையத்தோடு இணைப்பது, தாழிடாத வீட்டை விட்டு ஊருக்குப் போவது போன்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. அந்நிலையில் கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவலாம். தமிழ் எழுதவும் படிக்கவும் அவற்றில் தடையேதும் இல்லை. ஆனால் அட்டை, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி என எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டிய நிலையில் உள்ள கணினியை, அதன் காலம் முடிந்ததென ஏற்று விடைகொடுப்பதே முறை.

விடை கொடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் தோன்றிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி, ஏழை எளியோர் வெறுங்கையால் உடைத்தும் எரித்தும் செம்பு பிரிக்கும் இடங்களைச் சென்றடைகிறது. ஈயமும் நச்சுப்புகையும் அவர்தம் குழந்தைகளின் உடலில் சேர்கின்றன. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே நெறி. நாம் எறியும் பொருள் எங்கே விழுகிறது என்று பாராதிருப்பது அறமாகாது.

செருப்புத் தைத்த கை

'இவையெல்லாம் கணினித்துறையின் வேலை. தமிழ்த்துறைக்கு இதில் என்ன?' என்னும் வினாவுக்கு இனி வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள். தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த செய்தி. ஒரு பெருந்தலைவரின் கைக்கு அப்பணி இழிவாகத் தோன்றவில்லை. பழுதுபார்த்தல் பிறருடைய வேலை என்னும் எண்ணம், கற்றோரிடம் புகுந்த நோய்களுள் ஒன்று. வீண்விரயத்தை இஸ்லாம் கடிந்துரைக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளுச் செய்தாலும் நீரை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். நீருக்குப் பொருந்தும் நெறி, கணினிக்குப் பொருந்தாதா?

மேலும், தமிழ் மாணவர் அஞ்சி ஒதுங்கும் இடமாகக் கணினி இருக்கும் வரையில், தமிழ்க் கணிமையின் வளர்ச்சி பிறர் கையிலேயே இருக்கும். 'அல்காரிதம்' என்று உலகம் வழங்கும் சொல், 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம். பெருமை பேசுவது எளிது. ஒரு திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கும் துணிவே அப்பெருமைக்கு நம்மை உரியவராக்கும். பெட்டியைத் திறந்து பார்த்த மாணவிக்கு, அதன்பின் கணினி ஒரு மந்திரப் பேழையன்று; தம் கைக்கு அடங்கிய ஒரு கருவி. அந்த மனமாற்றம் பாடநூலால் வருவதன்று.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

சமுதாயப் பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்று கூற விழைகிறோம். கணினி வாங்கித் தருவது நற்கொடை. அதனைப் பயன்பாட்டில் நிலைநிறுத்துவது அதனினும் பெருங்கொடை. வக்பு என்னும் நெறியின் உயிர்நிலையே, மூலப்பொருளைக் காத்து அதன் பயனைத் தொடர்ந்து பிறர்க்கு வழங்குவதில் அன்றோ உள்ளது? பள்ளிவாசலைக் கட்டியவர் அதன் விளக்கெண்ணெய்க்கும் நிலம் எழுதிவைத்தது இக்கருத்தை நன்குணர்ந்தே. அவ்வாறே, பத்துக் கணினிகளுக்கென அளிக்கும் தொகையில் ஒரு கணினியின் விலையைப் பராமரிப்புக்கென ஒதுக்கிவைத்தால், எஞ்சிய ஒன்பதும் நெடுங்காலம் உழைக்கும். அட்டை ஒன்றின் விலை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குவது. புதிய கணினியின் விலையோடு ஒப்பிட அது மிகச் சிறிது. கொடையாளரின் பெயரைக் கணினியின் மேல் ஒட்டுவதினும், அக்கணினி ஓடிக்கொண்டிருப்பதே அவருக்குச் சிறந்த நினைவு.

கல்லூரிகள் செய்யத்தக்கனவும் எளியவையே. துறைதோறும் உள்ள கணினிகளைப் பட்டியலிட்டு, எவை நலமாக உள்ளன, எவற்றிற்கு இணைப்பு மட்டும் தேவை, எவை காலம் முடிந்தவை எனப் பிரித்துக்கொள்ளலாம். கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் இணைந்து, பருவத்திற்கு ஒரு நாள், ஆசிரியர் மேற்பார்வையில் பழுதுபார்ப்பு நாள் நடத்தலாம். வைஃபைக்கு வலுவான கடவுச்சொல் அமைத்து, அதனைச் சுவரில் எழுதிவைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். கழிக்கப்படும் கணினிகளில் உள்ள மாணவர் விவரங்களை முற்றிலும் அழித்த பின்னரே வெளியே அனுப்பலாம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை ஆசிரியராகலாம், இதழாளராகலாம், பதிப்பாசிரியராகலாம். எங்கே சென்றாலும் உங்கள் மேசையில் ஒரு கணினி இருக்கும். ஒருநாள் அது இணைப்பற்று நிற்கும். அப்போது மெக்கானிக் வரும்வரை கைகட்டிக் காத்திராமல், மின்கம்பியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து பார்க்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். அத்துணிவை ஊட்டுவதற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. துறை அறையின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கணினி ஒன்றே போதும்.

அத்துணியை இவ்வாண்டிலேயே விலக்குவோம். ஒரு கணினியில் தொடங்குவோம். அதன்முன் அமர்ந்து பத்து விரலாலும் தம் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் முதல் மாணவரே, இம்முயற்சி தகுமா தகாதா என்பதற்கு விடை கூறுவார்.